ஹாய் வான் கணவாயில் சைடுகார் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாமின் நடுப்பகுதியில், கடற்கரை நகரமான டா நாங்குக்கும் பழைய தலைநகரமான ஹுவேக்கும் நடுவே ஒரு மலைத்தொடர் மேற்கிலிருந்து வந்து நேராகக் கடலில் இறங்குகிறது. அதன் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும் 21 கிலோமீட்டர் சாலைதான் ஹாய் வான் கணவாய். சைடுகார் வைத்த பழைய ரஷ்ய பைக்கில், ஓட்டுபவரோடு இந்த வழியாகப் போய்வரும் தனிப் பயணங்கள் அங்கே கிடைக்கின்றன. டா நாங் போகத் திட்டமிடும் நண்பர்களும் வாசகர்களும் இதைப் பற்றிக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

அப்படி என்ன இருக்கிறது இந்தச் சாலையில்?

ஒருபக்கம் காடு, மறுபக்கம் கீழே கடல். ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் வரை ஏறும். ஊட்டி மலைப்பாதை பார்த்தவர்களுக்கு உயரம் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஊட்டி ஏறும்போது கீழே சமவெளிதான் தெரியும். இங்கே கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கடல் வேறு கோணத்தில் வந்து நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2005-ல் மலைக்கு அடியில் 6 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கச்சாலை திறந்தார்கள். கார், பஸ், லாரி எல்லாம் அதற்குள் போய்விட்டன. சுரங்கத்துக்குள் பைக் ஓட்ட அனுமதி இல்லை. அதனால் மேலே உள்ள பழைய சாலை பைக்குகளுக்கும் ஊர் சுற்ற வருபவர்களுக்குமாக மிச்சமானது. தீப்பற்றும் சரக்குகளுக்கும் சுரங்கத்தில் அனுமதி கிடையாது என்பதால், பெட்ரோல் டேங்கர் லாரிகள் மட்டும் இன்னும் மேலே ஏறுகின்றன. வளைவில் ஒரு டேங்கர் எதிரே வந்தால் உங்கள் டிரைவர் ஓரங்கட்டுவார். அது வழக்கம்தான், பதற வேண்டாம்.

என்ன வண்டி அது? நம் ஊர் புல்லட் சைடுகார் போலவா?

பெரும்பாலும் உரால். இந்த வண்டியின் வம்சாவளி கொஞ்சம் விசித்திரமானது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. ஆர்71 என்ற பைக்கைப் பார்த்து சோவியத் யூனியன் எம்-72 என்ற ராணுவ வண்டியைச் செய்தது. 1941-ல் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியதும், தொழிற்சாலையை உரால் மலைப் பகுதியில் உள்ள இர்பித் என்ற ஊருக்கு மாற்றினார்கள். ஜெர்மன் வண்டியின் நகல் ஜெர்மானியரை எதிர்த்தே போருக்குப் போனது. பிறகு சோவியத் நாட்டோடு நெருக்கமாக இருந்த வியட்நாமுக்கும் இந்தக் குடும்பத்து வண்டிகள் வந்து சேர்ந்தன.

எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள், இடமும் வலமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும். பழைய வண்டி என்றால் கிக்கர் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். சைடுகாருக்குப் பின்னால் ஒரு சின்ன டிக்கி, அதன் மேல் ஸ்டெப்னி. முன்னால் முழங்காலை மறைக்கும் தார்ப்பாய் உறை. சில வண்டிகளில் சின்ன விண்ட்ஷீல்டும் இருக்கும். வேகம் எதிர்பார்க்காதீர்கள். ஏற்றத்தில் ஸ்கூட்டரில் போகும் பொடியன்கள்கூட உங்களை முந்துவார்கள்.

நானே ஓட்டலாமா? எனக்கு இருபது வருட புல்லட் அனுபவம் இருக்கிறது.

வேண்டாம். முதல் காரணம் சட்டம். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 ஜெனிவா ஒப்பந்தப்படி வருவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின் கீழ் வரும் உரிமத்தை. ஆகவே அந்தப் புத்தகத்தைக் காட்டினாலும் பெரிய பைக் ஓட்டும் உரிமை உங்களுக்குக் கிடையாது. வாடகைக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் சாவியை நீட்டுவார். விபத்து என்று வந்தால்தான் இதெல்லாம் கேள்வியாகும்.

இரண்டாவது காரணம் வண்டியே. சைடுகார் மாட்டிய பைக் வளைவில் சாயாது. ஹேண்டிலைக் கையால் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் வண்டி சைடுகார் பக்கம் இழுக்கும், பிரேக் போட்டால் எதிர்ப்பக்கம் தள்ளும். வலது வளைவில் வேகம் கூடினால் சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும். இருபது வருடம் சாய்த்து ஓட்டிய உடம்பு சாய்க்கத்தான் பார்க்கும். இங்கே அதுதான் ஆபத்து. கொண்டை ஊசி வளைவு இதைப் பழகும் இடமில்லை.

டா நாங்கிலிருந்து ஹுவே போவதா, ஹுவேயிலிருந்து டா நாங் வருவதா?

முடிந்தால் டா நாங்கிலிருந்து ஹுவே. வியட்நாமில் சாலையின் வலதுபக்கம் ஓட்டுவார்கள், அதனால் சைடுகாரும் பைக்கின் வலதுபக்கமே இருக்கும். வடக்கு நோக்கிப் போகும்போது கடலும் உங்களுக்கு வலதுபக்கம். சைடுகாரில் உட்கார்ந்தவருக்கும் கடலுக்கும் நடுவே சாலையோரத் தடுப்பு மட்டும்தான். திரும்பி வரும் திசையில் சைடுகார் மலைச்சுவரை ஒட்டிப் போகும். நடுவில் பைக்கும் டிரைவரின் முதுகும் இருக்க, அதற்கு அப்பால்தான் கடல்.

அரைநாள் பயணம் எடுப்பவர்கள் உச்சி வரை போய்த் திரும்புவார்கள். அவர்களுக்கு இரண்டும் கிடைக்கும். இரண்டு பேர் போனால் ஏறும்போது ஒருவர், இறங்கும்போது ஒருவர் என்று இடம் மாறலாம். ஏறும்போது யார் சைடுகாரில் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

ஒரு வண்டியில் எத்தனை பேர்?

சைடுகாரில் ஒருவர், பின் சீட்டில் ஒருவர். நான்கு பேர் குடும்பம் என்றால் இரண்டு வண்டி. நீங்கள் தனி ஆள் என்றால் பின் சீட்டு வேண்டாம், சைடுகாரிலேயே உட்காருங்கள். காலி சைடுகார் லேசாக இருப்பதால் வளைவில் சீக்கிரம் தூக்கும். ஆள் இல்லாமல் ஓட்டும்போது சில ஓட்டுநர்கள் அதற்குள் மணல் மூட்டை வைப்பது அதனால்தான். அந்த மூட்டையின் வேலையை நீங்கள் செய்கிறீர்கள்.

பின் சீட்டில் உட்காருபவர் சைலன்சரைக் கவனிக்க வேண்டும். கெண்டைக்கால் பட்டால் தழும்புதான்.

உட்கார்ந்தால் பயமாக இருக்குமா?

முதல் பத்து நிமிடம் இருக்கும். தரைக்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பீர்கள். எதிரே வரும் லாரியின் சக்கரம் உங்கள் முகத்தளவில் தெரியும். உங்கள் முன்னால் ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை, பிடிக்க ஒரு கம்பி மட்டும். வண்டி வளைவில் சாயாததால் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படுவதும் புதிதாக இருக்கும். நகரத்தைத் தாண்டி, கடற்கரையை ஒட்டிய நேர்ச்சாலையில் கொஞ்ச தூரம் போனதும் பழகிவிடும். டா நாங் வளைகுடாவைச் சுற்றிவரும் அகலமான சாலை மலைக்கு முன்னாலேயே வருவது இந்த விஷயத்தில் நல்லது.

டிரைவர் வேகமாகப் போவதாகத் தோன்றினால் தோளைத் தட்டிச் சொல்லுங்கள். சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நீங்கள் காசு கொடுக்கவில்லை.

வழியில் எங்கெல்லாம் நிறுத்துவார்கள்?

தனிப் பயணத்துக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசு இந்தக் கேள்விக்காகத்தான் என்பேன். மலையைப் பார்க்க பஸ்ஸே போதும். நினைத்த இடத்தில் நிறுத்த முடியும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அப்படியிருக்க, கிளம்பும் முன் "எங்கே எங்கே நிறுத்துவீர்கள்" என்று நாம் கேட்காமல், "இங்கே இங்கே நிறுத்த வேண்டும்" என்று சொல்வது நல்லது.

நான் சொல்வது இவை. மலையடிவாரத்துக்கு முன் நாம் ஓ என்ற மீனவர் ஊர். நெத்திலியும் உப்பும் சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைத்து, வடிந்துவரும் சாறுதான் நுவக் மாம் என்ற மீன் குழம்புச்சாறு. வியட்நாமியச் சமையலின் உப்பே அதுதான். நாம் ஓ ஊரின் சாறுக்கு நாடு முழுக்கப் பெயர். பெரிய ஜாடிகளின் மூடியைத் திறந்து காட்டுவார்கள். மணம் கருவாட்டுக் கடை மணம்தான். நமக்கு முகம் சுளிக்கத் தோன்றாது.

அப்புறம் ஏற்றத்தில் இரண்டு இடம். ஒன்று, டா நாங் வளைகுடா முழுதாகத் தெரியும் வளைவு. எதிரே சோன் த்ரா தீபகற்பத்தின் மலை நிற்கும். இன்னொன்று, கீழே மரங்களுக்கு நடுவே ரயில் பாதை தெரியும் இடம். ஹனோயிலிருந்து சைகோன் வரை போகும் பாதை மலையைச் சுற்றி, கடலை ஒட்டியே போகிறது. ரயில் வரும் நேரம் டிரைவருக்குத் தோராயமாகத் தெரிந்திருக்கும். ஐந்து நிமிடம் காத்திருந்தால் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பாறைக்குப் பின்னால் மறைவதைப் பார்க்கலாம்.

உச்சியைத் தாண்டி இறங்கும்போது லாங் கோ ஊர் மேலிருந்தே தெரியும். கடலுக்கும் காயலுக்கும் நடுவே மெல்லிய மணல்திட்டு, அதன் மேல் ஊர். அந்தக் காயலின் பெயர் லாப் ஆன். அங்கே பழைய டயர்களைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சிப்பி வளர்த்து வந்தார்கள். சிப்பி ரப்பரில் ஒட்டி வளரும், பிறகு டயரைத் தூக்கிச் சுரண்டி எடுப்பார்கள். காயலைச் சுற்றி ஒரு சாலை போகிறது. வாகனமே இருக்காது. சைடுகாருக்கென்றே போட்ட சாலை என்று தோன்றும்.

லாங் கோவுக்குப் பிறகு ஹுவே வரை வழி எப்படி?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் பாதிப் பயணம் இதில்தான் இருக்கிறது. பல ஓட்டுநர்கள் முதலாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நேராகப் போய் ஹுவேயில் இறக்கிவிடுவார்கள். அது லாரிச் சாலை. தூசி, ஹாரன், பார்க்க ஒன்றுமில்லை.

மாற்று வழி கேளுங்கள். து ஹியென் பாலத்தைக் கடந்தால் ஒரு நீண்ட மணல்திட்டு வரும். ஒருபக்கம் கடல். மறுபக்கம் தாம் ஜியாங், கௌ ஹாய் காயல்கள். தென்கிழக்கு ஆசியாவிலேயே பெரிய காயல் தொகுதி என்று இதைச் சொல்வார்கள். நீளம் சுமார் 70 கிலோமீட்டர். திட்டு முழுக்க மீனவர் ஊர்கள். காயலில் மூங்கில் நட்டு வலை கட்டியிருப்பார்கள். நடுவே ஆன் பாங் என்ற ஊரில் ஒரு மயானம்: டிராகன் தூண்கள், வண்ண ஓடுகள், வாசல் வளைவுகள் என்று ஒவ்வொரு கல்லறையும் ஒரு சின்ன அரண்மனை. வெளிநாடு போய்ச் சம்பாதித்த உறவினர்கள் அனுப்பிய பணத்தில் கட்டியவை. வளைகுடாப் பணத்தில் எழும்பிய வீடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கம் தேவைப்படாது.

இந்த வழியில் நேரம் கூடும், முழுநாள் ஆகும். சிலர் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கொடுக்கலாம்.

உச்சியில் இருக்கும் கோட்டை என்ன?

ஹாய் வான் குவான் என்ற வாயில்கோட்டை. ங்குயென் வம்சத்தின் இரண்டாம் பேரரசர் மின் மாங் 1826-ல் கட்டியது. தலைநகரமான ஹுவேக்குத் தெற்கிலிருந்து வரும் எவரும் இந்த வாயிலைத் தாண்டியாக வேண்டும். பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர் காலத்துக் காவல் அரண்களும் நிற்கின்றன. பிறகு அமெரிக்கப் படையும் இதைப் பயன்படுத்தியது. பல வருடம் சிதைந்து கிடந்ததைச் சீரமைத்து 2024-ல் மறுபடி திறந்தார்கள்.

நமக்கு இதைவிடச் சுவாரசியமானது அதற்கும் முந்தைய கதை. வியட்நாமின் நடுக்கரையை ஒரு காலத்தில் ஆண்டவர்கள் சாம்பா அரசர்கள். சிவனை வழிபட்டவர்கள், சமஸ்கிருதத்தில் கல்வெட்டு வெட்டியவர்கள். 1306-ல் சாம்பா அரசன் ஜெய சிம்மவர்மன் வடக்கே இருந்த வியட் அரசின் இளவரசி ஹுயென் த்ரானை மணந்தான். அதற்கு ஈடாக இரண்டு மாகாணங்களை வடக்கே விட்டுக்கொடுத்தான். இன்றைய ஹுவே பகுதி அந்த நிலத்தில் அடக்கம். அதன் பிறகு நெடுங்காலம் இரு நாடுகளுக்கும் எல்லையாக நின்றது இந்த மலைதான். அரசன் அடுத்த வருடமே இறந்தான், இளவரசி ஊர் திரும்பினாள், நிலம் திரும்பவில்லை. இந்தக் கதையோடு மலை ஏற வேண்டுமானால், முந்தைய நாள் டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். லிங்கமும் ஆவுடையும் பிள்ளையாரும் இருக்கிறார்கள். நேரம் இருந்தால் சாம்பா அரசர்கள் கட்டிய மீ சோன் கோயில்களையும்.

உச்சியில் தேநீர், காபி, முத்துமாலைக் கடைகள் உண்டு. விற்பவர்கள் விடமாட்டார்கள். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே நடந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் சேரும். காலை ஏழு மணிக்கே டா நாங்கை விட்டுக் கிளம்பினால் கோட்டை ஓரளவு உங்களுடையது.

எந்த மாதம் போகலாம்?

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. ஜூன், ஜூலையில் வெயில் சென்னை வெயில்தான், ஆனால் கடல் தெளிவாக இருக்கும். செப்டம்பரில் மழை தொடங்கும். அக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம்: புயல், ஹுவேயில் வெள்ளம், மலையில் மண்சரிவு. தீபாவளி விடுமுறைக்கு டிக்கெட் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் இந்த மலை தன் வேலையைக் காட்டும். வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுத்து நிறுத்துவது இதுதான். டா நாங் பக்கம் வெயில் அடிக்கும்போது ஹுவே பக்கம் தூறலும் குளிருமாக இருக்கும். உச்சியில் மேகம் உட்கார்ந்துவிட்டால் எதிரே இருக்கும் கோட்டையே தெரியாது.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

துப்பட்டா வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சக்கரத்தில் துணி சுற்றிக்கொள்வது நம் ஊரில் அடிக்கடி கேள்விப்படும் விபத்து. பின் சீட்டில் புடவையும் வேண்டாம். சைடுகாரில் புடவையோடு உட்கார முடியும், முந்தானையை இடுப்பில் செருகி, தார்ப்பாய் உறையையும் போட்டுக்கொண்டால்.

மற்றபடி முழுக்கை சட்டை, பேன்ட், ஷூ, கூலிங் கிளாஸ். உச்சியில் காற்று குளிரும், ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும். ஹெல்மெட் சைடுகாரில் இருப்பவருக்கும் வேண்டும். கொடுக்கும் ஹெல்மெட் தொப்பி மாதிரி லேசாக இருந்தால் வேறு கேளுங்கள்.

பெட்டிகளை என்ன செய்வது?

டிக்கியில் ஒரு முதுகுப்பை போகும், அவ்வளவுதான். ஒருவழிப் பயணம் என்றால் சூட்கேஸைக் காரில் சுரங்கம் வழியாக ஹுவே ஹோட்டலுக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் சூட்கேஸில் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.

நாங்கள் சைவம். சாப்பாடு கிடைக்குமா?

வழியில் கஷ்டம், ஹுவேயில் கொண்டாட்டம். லாங் கோவில் கடைகள் எல்லாம் சிப்பி, இறால், நண்டு. காய்கறி வதக்கல் கேட்டால்கூட நுவக் மாம் ஊற்றித்தான் வரும். "அன் சாய்" என்று சொல்லுங்கள், சைவச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். ஹுவே பௌத்த ஊர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம்தான், அமாவாசை பௌர்ணமிக் கணக்குதான் அதுவும். அதற்கென்றே சைவக் கடைகள் நிறைய உண்டு. வழிக்கு மட்டும் ஏதாவது கட்டி எடுத்துப்போவது உத்தமம்.

கட்டணம் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

விலை ஆளுக்கா, வண்டிக்கா என்பதை முதலில் கேளுங்கள். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். சாதாரண பைக்கின் பின்னால் உட்கார்ந்து போவதைவிட இது நிச்சயம் அதிகம். ஹோய் ஆனில் தங்கியிருந்தால் டா நாங் வரை வரும் 30 கிலோமீட்டர் சேர்த்தியா, சாப்பாடும் நுழைவுச்சீட்டும் சேர்த்தியா, மழை வந்தால் தேதி மாற்றலாமா, முன்பணம் திரும்புமா என்பதெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனிப் பயணம் என்று விற்றுவிட்டு நான்கைந்து வண்டிகளை வரிசையாக அனுப்புபவர்களும் உண்டு. வரிசையில் போனால் நிறுத்தமும் வரிசைப்படிதான்.

அப்பா அம்மாவை ஏற்றலாமா? குழந்தைகள்?

ஏறுவது நினைத்த அளவு கஷ்டமில்லை. வண்டி மூன்று சக்கரத்தில் நிற்பதால் ஆடாது. கம்பியைப் பிடித்து, ஒரு காலை உள்ளே சீட்டின் மேலேயே வைத்து, அப்புறம் மெதுவாக உட்கார்ந்து காலை நீட்டினால் சரி. எழுந்திருப்பதுதான் சிரமம். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு ஒரு கை கொடுக்க ஆள் வேண்டும். முதுகுத்தண்டில் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். பழைய வண்டியின் குலுக்கல் நேராக இடுப்புக்கு வரும்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள். நான் செய்யமாட்டேன். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட் கிடைக்காத வயது என்றால் கார்தான்.

இன்சூரன்ஸ், விசா?

விசா எளிது. இணையத்தில் இ-விசா, ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை. இன்சூரன்ஸ்தான் படித்துப் பார்க்க வேண்டியது. பல பயணக் காப்பீடுகளில் மோட்டார் சைக்கிள் பயணத்துக்குத் தனி நிபந்தனை இருக்கும், பின்னால் உட்கார்ந்து போனாலும் அது பொருந்தலாம். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். பயணம் நடத்துபவரிடமும் பயணிகளுக்குக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள்.

கிளம்பும் அன்று மழை என்றால்? அல்லது வீட்டில் ஒருவருக்கு மட்டும் சைடுகார் ஒத்துவராது என்றால்?

லேசான தூறல் என்றால் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு போகலாம். கனமழையில் மறுத்துவிடுங்கள், டிரைவர் சரி என்றாலும்.

ஒருவர் மட்டும் ஒதுங்கினால் அவருக்கு ரயில். ஹுவேக்கும் டா நாங்குக்கும் இடையே 2024 மார்ச் முதல் ஒரு பாரம்பரிய ரயில் ஓடுகிறது. சாதாரண ரயில்களும் அதே பாதையில்தான் போகின்றன. மேலே சாலையிலிருந்து தெரியாத குட்டிக் கடற்கரைகள் ரயிலில்தான் தெரியும். ஹுவே போகும்போது வலதுபக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் இறக்கிவிடும். அவர் ஹோட்டலில் குளித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சைடுகாரில் வந்தவர்கள் போய்ச் சேருவார்கள், அதனால் அறைச் சாவி அவரிடமே இருக்கட்டும்.